நானே பூட்டிய மீற்றர்ப் பலகை

எங்கள் வீட்டுக் கொட்டிலுக்குள் இருபது வருடமாக ஒரு கார் நின்றது. கார் என்று சொல்வதுகூடச் சரியில்லை. கதவில்லை, ஆசனமில்லை, என்ஜினில்லை. கோழிகள் அதற்குள் ஏறி முட்டையிடும். பழைய இரும்பு வாங்க வருகிறவர்கள் படலையடியில் நின்று, "அக்கா, அந்தத் தகரத்தைத் தாங்கோவன், நிறுத்து எடுக்கிறம்" என்று கேட்பார்கள். நான் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டால் அப்போது என்னிடம் பதில் இருக்கவில்லை.

அது 1958 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. என் கணவர் அதை வாடகைக்கு ஓட்டித்தான் எங்களைப் பார்த்தார். 1990 இல் பெற்றோல் வருவது நின்றபோதும் அவர் காரை நிறுத்தவில்லை. கொஞ்சப் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார். அந்தப் புகையும் மணமும் யாழ்ப்பாணத்தில் அந்த ஐந்து வருடம் வாழ்ந்த எல்லாருக்கும் நினைவிருக்கும்.

1995 ஐப்பசிக் கடைசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. காரில் விட எண்ணெய் இருக்கவில்லை. கொட்டிலுக்குள் விட்டுக் கிடுகால் மூடிவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் சைக்கிளில் வைத்துக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தோம். 1996 வைகாசியில் திரும்பி வந்தபோது கூடுதான் மிஞ்சியிருந்தது. மீற்றரைக் கழற்றப் பொறுமையில்லாமல் முன் தகட்டை வெட்டியே எடுத்திருந்தார்கள். "பரவாயில்லை, ஒவ்வொண்டாச் சேர்ப்பம்" என்றார் அவர். அந்த ஆவணி மாதம் சைக்கிளில் வேலைக்குப் போனவர் இன்றுவரை திரும்பி வரவில்லை.

பிறகு தையல் மெஷின்தான் எங்களுக்குச் சோறு போட்டது. பிள்ளைகள் படித்தார்கள், வளர்ந்தார்கள். 2015 இல் அவருடைய நண்பரான வயதான மெக்கானிக் ஒருவர் வந்தார். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். "தங்கச்சி, கூடு இன்னும் நல்லாத்தான் இருக்கு. நான் கண் மூடமுதல் இதை ஓட விட்டுப் பாக்கவேணும்" என்றார். ஓர் என்ஜின் ஓரிடத்தில், கதவுகள் வேறிடத்தில், மீற்றர் சுன்னாகத்தில் உடைத்த ஒரு காரில் என்று இரண்டு வருடமாகச் சேர்த்தோம். மொறிஸ் மைனருக்கு ஒரு வசதி உண்டு. இங்கிலாந்தில் 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட கார் என்பதால் சாமான் தேடினால் எங்காவது அகப்படும்.

எல்லாம் வந்தது, வயர் வேலைக்கு ஆள் வரவில்லை. அந்த வேலை தெரிந்த தம்பி மூன்று மாதமாக "நாளைக்கு வாறன்" என்றார். ஒருநாள் நான் அண்ணையிடம், "நீங்கள் சொல்லித் தாங்கோ, நான் செய்யிறன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "தையல்காரிக்கு இது வரும்" என்றார். சிரித்தவர்கள் சொந்தக்காரர்கள்தான். "ஆம்பிளையளின்ர வேலை உனக்கேன்? ஓட்ட ஆளில்லாத காருக்கு மீற்றர் எதுக்கு?" என்று கேட்டார்கள்.

முதலில் பலகை. வெட்டுப்பட்ட தகட்டுக்குப் பதிலாக மரத்தில் செய்வதென்று முடிவெடுத்தோம். ஓடாவியாரிடம் நேரே போகாமல், சட்டைக்கு அளவு வெட்டுவதுபோல முன்புறத்தில் பிறவுண் பேப்பரை ஒட்டி, விளிம்பை விரலால் அழுத்தி அச்செடுத்தேன். அதைக் காட்போட்டில் வெட்டி வைத்துப் பார்த்தேன். இரண்டு தரம் பிழைத்தது, மூன்றாம் தரம் பொருந்தியது. அதன் பிறகுதான் பிளைவூட்டில் கை வைத்தோம். மீற்றர் வட்டத்தைக் கோட்டுக்கு உள்ளே சிறிதாக வெட்டி, பிறகு அரத்தால் அராவிப் பெருப்பிக்க வேண்டும். கூடுதலாக வெட்டினால் துணியைப் போலத்தான், திருப்பி ஒட்ட முடியாது. முட்டினால் காயம் வராதபடி விளிம்புகளை உருட்டித் தேய்த்தோம்.

அடுத்தது வயர். பழைய வயரின் துணி உறையை எலி அரித்திருந்தது. அதைக் கழற்ற முன்னர் ஒவ்வொரு நுனியிலும் துணித்துண்டு கட்டி, எங்கே போகிறது என்று எழுதினேன். பழைய பிரித்தானியக் கார்களில் நிறத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மண்ணிறம் பற்றரியிலிருந்து வருவது, அதில் எப்போதும் மின்சாரம் இருக்கும். வெள்ளையில் திறப்பைத் திருப்பினால்தான் வரும். பச்சை, திறப்புக்குப் பிறகு பியூஸ் வழியாக வருவது. சிவப்பு பக்க விளக்குக்கும் பின் விளக்குக்கும், நீலம் முன் விளக்குக்கு. கறுப்பு எர்த். நூற்கட்டை அடுக்கிப் பழகிய எனக்கு இதை மனதில் வைக்க இரண்டு நாள் போதுமாக இருந்தது. இந்தக் காரில் மொத்தமே இரண்டு பியூஸ்தான், முன் விளக்குக்குப் பியூஸே இல்லை. நாங்கள் அதற்கொன்று சேர்த்தோம்.

மீற்றரில் இரண்டு சிறிய எச்சரிக்கை விளக்குகள் உண்டு. ஒன்று என்ஜின் எண்ணெய்க்கு. எண்ணெயின் அழுத்தம் இல்லாதபோது அதன் சுவிச் மூடியிருக்கும், விளக்கு எரியும். என்ஜின் ஓடி அழுத்தம் வந்ததும் சுவிச் திறந்து விளக்கு அணையும். மற்றது டைனமோவுக்கு. சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட காலம் நினைவிருக்கிறதா? கார் டைனமோவும் சுற்றினால்தான் மின்சாரம் தரும். இந்தப் பல்ப் பற்றரிக்கும் டைனமோவுக்கும் நடுவில் நிற்கிறது. டைனமோ சும்மா நின்றால் பற்றரி மின்சாரம் பல்ப்பூடாக ஓடும், விளக்கு எரியும். டைனமோ வேகமாகச் சுற்றினால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும், விளக்கு அணையும். ஆகவே திறப்பைத் திருப்பும்போது இரண்டும் எரியவேண்டும், என்ஜின் ஓடும்போது இரண்டும் அணையவேண்டும்.

எல்லாவற்றையும் பூட்டித் திறப்பைத் திருப்பினேன். இரண்டு விளக்கும் எரிந்தன, ஆனால் பெற்றோல் முள் அசையவே இல்லை.

அன்றிரவு சரியாக நித்திரை வரவில்லை. சொந்தக்காரர் சொன்னது சரிதானோ என்றுகூட நினைத்தேன். அடுத்த நாள் லண்டனிலிருக்கும் அக்காவின் மகன் தொலைபேசியில் பேசினான். அங்கே சிலர் பெட்டி பெட்டியாகச் சாமானை வாங்கி வீட்டிலேயே கார் கட்டுவார்கள். பிறகு அரசாங்கப் பரிசோதனையில் தேறினால்தான் வீதியில் ஓடலாம். அவனும் நண்பனோடு சேர்ந்து அப்படியொன்று கட்டுகிறான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "சித்தி, முந்தி இருந்தது தகடு. தகட்டில மின்சாரம் ஓடும், மீற்றருக்கு அதுதான் எர்த். பலகையில ஓடாது. நீங்கள் எர்த்துக்கு வயர் குடுத்தனீங்களோ?" என்றான்.

கொடுக்கவில்லை! மீற்றரின் கோதிலிருந்து ஒரு கறுப்பு வயரை எடுத்து, காரின் உடம்பில் பெயின்ரைச் சுரண்டி, வெறும் இரும்பில் ஆணியோடு இறுக்கினேன். திறப்பைத் திருப்பினேன். பெற்றோல் முள் எழும்பியது. அண்ணை திண்ணையிலிருந்து எழும்பி வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார்.

மீற்றர் வெளிச்சத்துக்கு வாங்கிய புதிய எல்.ஈ.டி. பல்ப் மட்டும் எரியவில்லை. இந்தக் காரில் பற்றரியின் நேர் முனைதான் உடம்போடு சேரும், இன்றைய கார்களுக்கு மறுவளம். எல்.ஈ.டி. ஒரு திசையில்தான் எரியும். பழைய இழை பல்ப்புக்குத் திசையில்லை. அதைப் போட்டதும் சரி.

இதோடு முடியவில்லை. மருமகனை ஓட்டவைத்து முதல்முறை கொடிகாமம் பக்கம் போனபோது, பெற்றோல் முள் நிறைந்த பக்கமே நின்றது. சந்தோஷமாகப் போனோம். பாதி வழியில் கார் நின்றுவிட்டது. தாங்கியில் ஒரு சொட்டு இல்லை! இந்தப் பழைய வகை மீற்றரில் தாங்கிப் பக்கத்துத் தொடுப்பு அறுந்தால் முள் நிறைந்ததாகவே காட்டும். தாங்கியின் மிதவைக்கு எர்த் கிடைக்கவில்லை, நாங்கள் புதிதாக அடித்த பெயின்ர் தடுத்துவிட்டது. மருமகன் கலனோடு பெற்றோலுக்குப் போன நேரத்தில் நான் றோட்டோரத்திலேயே பெயின்ரைச் சுரண்டி ஒரு வயரைப் பூட்டினேன். முள் மெல்ல இறங்கி வெறுமையைக் காட்டியது. நல்லதாகக் காட்டுகிற மீற்றரையும் ஒருதரம் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று அன்று படித்தேன்.

காரின் பதிவுப் புத்தகம் அவருடைய பெயரில் இருக்கிறது. மரணச் சான்றிதழ் எடுத்தால் மாற்றுவது சுலபம் என்று பலர் சொன்னார்கள். நான் எடுக்கவில்லை. 2016 இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னர், இறந்தார் என்று எழுதாமல், காணாமற் போனார் என்றே ஒரு சான்றிதழ் பெற வழி வந்தது. அதைத்தான் பெற்றேன். பெயரை மாற்றவில்லை. அவர் வந்து கேட்டால் கொடுக்க ஒரு கார் இருக்கிறது. வராவிட்டாலும் அது தகரமாக நிறைக்குப் போகவில்லை. இரும்புக்காரருக்கு அன்று சொல்லத் தெரியாத பதில் இதுதான்.

இப்போது கலியாண வீடுகளுக்கு மாப்பிள்ளை பொம்பிளையை ஏற்ற அந்தக் காரைக் கேட்கிறார்கள். அதைவிட, முச்சக்கரவண்டிக்கு லயிற் எரியவில்லை, ஹோண் அடிக்கவில்லை என்று என்னைத் தேடி வருகிறார்கள். தையலோடு இதுவும் ஒரு வருமானம்.

செய்ய விரும்பும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். வேலை தொடங்க முன் பற்றரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள். காப்பு, மோதிரத்தைக் கழற்றுங்கள். பற்றரியின் இரண்டு முனையிலும் உலோகம் பட்டால் கை வெந்துவிடும். நான் தாலிக்கொடியைச் சட்டைக்குள் விட்டு ஊசியால் குத்திக்கொள்வேன். தகட்டில் வயர் போகும் துளைக்கு றப்பர் வளையம் போடுங்கள், இல்லாவிட்டால் உறை அறுந்து தீப்பிடிக்கும். பியூஸ் எரிந்தால் பெரிய பியூஸ் போடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். விளக்கு எரியவில்லையா? முதலில் எர்த்தைப் பாருங்கள். இளம் பிள்ளைகள் என்னைப்போல் தட்டுத் தடுமாற வேண்டியதில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் வாகன மின்வேலை படித்துத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெறலாம்.

இன்றும் காரில் ஏறினால் திறப்பைத் திருப்பி அந்த இரண்டு விளக்கையும் பார்ப்பேன். என்ஜின் பிடித்து இரண்டும் அணைந்த பிறகுதான் மருமகனிடம், "சரி தம்பி, எடு" என்பேன்.