திண்டுக்கல் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனை ஆய்வு

திண்டுக்கல் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனை ஆய்வு என்பது தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்து ஊரகப் பெண்களிடையே 2000 முதல் 2006 வரை நடைபெற்ற மருத்துவ ஆய்வு ஆகும். ஆய்வுக்கூடம் தேவைப்படாத எளிய சோதனையை ஒரே ஒரு முறை செய்தாலும் இந்நோயால் நேரும் இறப்புகளைக் குறைக்க இயலும் என இது காட்டியது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்டியன் பெலோஷிப் சமுதாய நல மையமும், பிரான்சு நாட்டின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் இதில் பங்கேற்றன. ஆய்வின் முடிவுகள் 2007 இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயின.

நோயின் காரணம்

கருப்பையின் கீழ்ப்பகுதி கருப்பைவாய் எனப்படும். இங்கு தோன்றும் புற்றுநோய்க்கு மனிதப் பாப்பிலோமா வைரசு (எச்பிவி) தொற்றே காரணமாகும். இவ்வைரசின் 16, 18 ஆம் வகைகள் ஏறத்தாழ 70% நோய்க்குக் காரணமாகின்றன. பெரும்பாலான தொற்றுகள் ஓரிரு ஆண்டுகளில் தாமே நீங்கிவிடும். நீங்காத தொற்று உயிரணுக்களில் மாற்றங்களை உண்டாக்குகிறது. இம்மாற்றங்கள் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகும். இவ்விடைவெளியில் கண்டறிந்தால் நோயைத் தடுக்க முடியும்.

பாப் சோதனை

ஜார்ஜ் பாப்பனிகொலாவு உருவாக்கிய இச்சோதனையில், கருப்பைவாயிலிருந்து சுரண்டி எடுக்கப்பட்ட உயிரணுக்கள் கண்ணாடிச் சில்லில் பூசப்பட்டு, சாயமேற்றி, நுண்ணோக்கியில் ஆராயப்படுகின்றன. உயிரணு மாற்றங்களுடன் சில தொற்றுகளின் அறிகுறிகளும் இதில் தென்படலாம். மேலை நாடுகளில் இந்நோய் குறைய இச்சோதனை பெரிதும் உதவியது. எனினும் இதற்கு ஆய்வுக்கூடமும் பயிற்சி பெற்ற உயிரணு வல்லுநர்களும் தேவை. முடிவை அறியப் பெண்கள் மீண்டும் வரவேண்டும். ஊரகப் பகுதிகளில் இவை எளிதல்ல.

அசிட்டிக் அமிலச் சோதனை

திண்டுக்கல்லில் இதற்கு மாற்றாக, வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தின் நீர்த்த கரைசல் பயன்படுத்தப்பட்டது. கரைசலைக் கருப்பைவாயில் தடவினால், மாற்றமடைந்த உயிரணுக்களில் மிகுந்துள்ள புரதம் தற்காலிகமாகத் திரண்டு வெண்ணிறத் திட்டாகத் தெரியும். முடிவு சில நிமிடங்களில் கிடைத்துவிடும். மூன்று வாரப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் இதைச் செய்தனர்.

ஆய்வு முறையும் முடிவுகளும்

மாவட்டத்தில் 114 தொகுதிகள் தெரிவு செய்யப்பட்டு, சமவாய்ப்பு முறையில் இரு பிரிவுகளாக்கப்பட்டன. 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்கள் சோதனைக்குத் தகுதி பெற்றிருந்தனர். அவர்களில் 31,343 பேர் சோதிக்கப்பட்டனர். ஏனைய 57 தொகுதிகளின் 30,958 பெண்களுக்கு வழக்கமான மருத்துவ வசதிகளே கிடைத்தன.

சோதிக்கப்பட்டவர்களில் 3,088 பேருக்கு (9.9%) வெண்திட்டு தென்பட்டது. மேலாய்வில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் உறுதியான 1,874 பேரில் 72% பேர் சிகிச்சை பெற்றனர். அழைக்கப்பட்ட குழுவில் 83 பெண்களும், எண்ணிக்கையில் சிறிய ஒப்பீட்டுக் குழுவில் 92 பெண்களும் இந்நோயால் இறந்தனர். கணக்கிட்டபோது, அழைக்கப்பட்ட குழுவில் நோய் ஏற்படுவது 25 விழுக்காடும், இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டோர் சோதனைக்கு வராத நிலையிலும் இப்பயன் கிட்டியது.

குறைகளும் விமர்சனமும்

இச்சோதனை பார்ப்பவரின் திறமையைச் சார்ந்தது. வெண்திட்டு தெரிந்த அனைவருக்கும் முன்புற்று மாற்றம் இருப்பதில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. மகாராட்டிரத்தின் உசுமானாபாத் மாவட்டத்தில் நடைபெற்று 2009 இல் வெளியான ஆய்வில், எச்பிவி சோதனை இறப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது; அசிட்டிக் அமிலச் சோதனையில் அத்தகைய குறைவு உறுதிப்படவில்லை. மேலும், இந்தியாவில் நடைபெற்ற இத்தகைய ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழுப் பெண்களுக்குச் சோதனை அளிக்கப்படாதது அறமாகுமா என்ற வினாவும் பின்னர் எழுப்பப்பட்டது.

தற்போதைய நிலை

உலக சுகாதார அமைப்பு 2021 இல் எச்பிவி சோதனையை முதன்மைச் சோதனையாகப் பரிந்துரைத்தது. அவ்வசதி இல்லாத இடங்களில் அசிட்டிக் அமிலச் சோதனை இன்றும் பயன்படுகின்றது. தடுப்பூசி பெற்ற பெண்களுக்கும் உரிய வயதில் சோதனை தேவை, ஏனெனில் தடுப்பூசி எல்லா வகை வைரசுகளையும் தடுப்பதில்லை.