குவளைகளில் பெய்த மழை

ஆண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுக்குள் குரல்வளை மளமளவென்று வளர்கிறது. உள்ளேயிருக்கும் குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. தடித்த நாண் மெதுவாகத்தான் அதிரும் என்பதால், குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கிவிடுகிறது. சிறுமிகளின் குரலும் இறங்கும், ஆனால் இரண்டு மூன்று அரைச்சுரம் அளவுக்குத்தான். பையன்களுக்கோ, இறங்கி முடிகிறவரை எந்தச் சுரம் பேசும், எது உடையும் என்று பாடுகிறவனுக்கே தெரியாது. இதைத்தான் மகரக்கட்டு என்கிறோம். சிறுவர்களே நடித்த நம் பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் கணீரென்று பாடிக்கொண்டிருந்த சிறுவர்கள் பலர் மகரக்கட்டு வந்ததும் வேஷம் இழந்தார்கள்.

பிள்ளைகளை வைத்து இசை நாடகம் போட நினைப்பவர்களுக்கு இப்படிச் சிக்கல்கள் வரிசையாக நிற்கும். ஒருவனுக்குக் குரல் உடைந்திருக்கும், இன்னொருத்தி வயலின் தொட்டு ஆறு மாதம்தான் ஆகியிருக்கும், மற்றொருவனுக்குத் தாளம் தவிர எதுவும் வராது. பெரும்பாலானோர் பெரியவர்களின் நாடகத்தைச் சுருக்கி, கடினமான இடங்களை நீக்கி, மிச்சத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறார்கள். இங்கிலாந்தின் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் நேர் எதிர்த் திசையில் போனார். பிள்ளைகளால் இன்று என்ன முடியுமோ, அது இல்லாவிட்டால் நாடகமே நிற்காது என்னும்படி எழுதினார்.

அவருடைய ‘நோவாவின் வெள்ளம்’ 1958 ஜூன் 18 அன்று, சஃபோக் மாவட்டத்தின் ஆர்ஃபோர்டு தேவாலயத்தில் முதன்முதலாக அரங்கேறியது. ஏறக்குறைய ஐம்பது நிமிட நாடகம். கதை, பைபிளில் வரும் பெருவெள்ளமும் அதில் உயிர்களைக் காத்த நோவாவின் பேழையும். வசனம், செஸ்டர் நகரத்துத் தொழிலாளர் சங்கங்கள் இடைக்காலத்தில் தெருவில் வண்டிமேல் நின்று நடித்த பழைய நாடகத்திலிருந்து எடுத்தது. அந்த ஊரில் நோவா கதையை நடித்தவர்கள் ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்து விற்றவர்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கலையைத் தொழிலாகக் கொள்ளாதவர்களின் நாடகத்தைக் கலையைத் தொழிலாகக் கொள்ளாத பிள்ளைகளிடமே பிரிட்டன் சேர்த்தார். வேஷம் போட்டுப் பாடுபவர்களில் நோவாவும் அவர் மனைவியும் மட்டுமே பெரியவர்கள். கடவுளின் குரலும் பெரியவருடையது. அது பேசும், பாடாது.

இனி குரலுக்கு வருவோம். பேழைக்குள் விலங்குகள் அணி அணியாக நுழைகின்றன. சிங்கம், சிறுத்தை போன்ற பெரிய விலங்குகளாகக் குரல் உடைந்த முரட்டுப் பையன்கள். கடைசியில் வரும் பறவைகளாக மெல்லிய உச்சக்குரல் கொண்ட பொடிசுகள். மகரக்கட்டு இங்கே குறையே இல்லை, அது சிங்கத்தின் தகுதி. நோவாவின் மூத்த மகன் யாப்பேத்தாக நடிப்பவனுக்கும் குரல் உடைந்திருக்கலாம் என்று இசைக்குறிப்பிலேயே இடம் விட்டார். முதல் அரங்கேற்றத்தில் அந்த வேஷம் போட்ட பதினாறு வயது மைக்கேல் கிராஃபோர்டு, 1986இல் லண்டனில் ‘ஃபேன்டம் ஆஃப் தி ஓப்ரா’ இசை நாடகத்தின் முதல் நாயகனானார்.

வாத்தியங்களிலும் இதே கணக்குத்தான். வயலின் பிள்ளைகளை மூன்று வகுப்பாகப் பிரித்தார். கடைநிலை வகுப்பு நெடுநேரம் இடது கை விரலைத் தந்தியில் வைக்கவே வேண்டாம். வில்லை இழுத்தால் போதும். வயலினில் விரலிடத்தைக் காட்டும் கட்டைகள் கிடையாது. விரல் ஒரு நூல் விலகினாலும் அபசுரம். விரலே படாத தந்தி, சுருதி சேர்த்து வைத்தபடியே பேசும். ஆறு மாதமே பயின்ற பிள்ளைகளிடமிருந்தும் பிசகாத ஒலியை அவர் அப்படித்தான் பெற்றார். பியூகிள் என்னும் ஊதுகொம்புக்குத் துளையோ விசையோ கிடையாது, உதட்டை இறுக்கித் தளர்த்தி ஐந்தாறு சுரம்தான் ஊத முடியும். விலங்குகளை வரவேற்கும் முழக்கத்துக்கு அந்த ஐந்தாறே அழகு. வானவில் தோன்றும்போது கைமணிகள் ஒலிக்கின்றன. ஒரு மணிக்கு ஒரு சுரம். தன் முறை வரும்போது அசைக்கத் தெரிந்தால் அந்தப் பிள்ளையும் இசைக்கலைஞர்.

வியப்பின் உச்சம் மழைத்துளிதான். முதல் துளிகளின் ஒலி பிரிட்டனுக்குக் கிடைக்கவில்லை. அவருடைய உதவியாளர் இமோஜன் ஹோல்ஸ்ட், தான் முன்பு கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த ஒரு வித்தையைச் சொன்னார். கைப்பிடி வைத்த பீங்கான் குவளைகளைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டு மரக்கரண்டியால் தட்டுவது. குவளையின் சுவர் தடித்திருந்தால் அது விறைப்பாக நின்று வேகமாக அதிரும், சுரம் ஏறும். வாய் அகன்றிருந்தால் அதிர்வு மெதுவாகி, சுரம் இறங்கும். நம் ஜலதரங்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர் கூடக்கூடச் சுருதி இறங்குவதும் இதன் இன்னொரு பக்கம். சுவரோடு சேர்ந்து தண்ணீரின் பாரமும் அசைய வேண்டியிருக்கிறது. கடையில் தட்டித் தட்டித் தேர்ந்தெடுத்த குவளைகள் ஏறக்குறைய ஒரு சுர வரிசையாக அமைந்தன. சுருதி முழுக்கச் சுத்தமாக இராது. மழைத்துளி மட்டும் சுத்தமான சுருதியிலா விழுகிறது?

துளி பெருமழையாகும்போது ரெக்கார்டர் குழல்கள் காற்றாகின்றன, தந்திகள் அலையாகின்றன, தோல் வாத்தியங்கள் இடியாகின்றன. இவ்வளவு ஆரவாரத்தில் பிள்ளைகள் தாளம் தப்பாமல் இருப்பது எப்படி? அடியில் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. தவறவிட்டவன் அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்ளலாம். புயலின் உச்சியில், பார்க்க வந்தவர்களும் எழுந்து பாடுகிறார்கள். அங்கிருந்த எல்லோரும் சிறுவயதிலிருந்தே கோயிலில் பாடிய பாட்டு என்பதால் ஒத்திகை தேவைப்படவில்லை. கடைசிப் பாட்டு, பதினாறாம் நூற்றாண்டின் தாமஸ் டாலிஸ் அமைத்த மெட்டு. ஒரு கூட்டம் தொடங்கிச் சற்று நேரம் கழித்து இன்னொரு கூட்டம் அதே மெட்டைத் தொடங்கினால், இரண்டும் ஒன்றோடொன்று இசைந்து போகும்படி கட்டப்பட்டது. கற்பது ஒரு மெட்டு, கேட்பது பல குரல் இசை.

இந்த நாடகத்தைத் தேவாலயத்திலோ பெரிய கூடத்திலோதான் போட வேண்டும், நாடக அரங்கில் கூடாது என்றும் பிரிட்டன் விரும்பினார். வாசிக்கும் பிள்ளைகள் திரைக்குப் பின்னாலோ மேடைமுன் குழியிலோ மறையாமல், எல்லோர் கண்ணிலும் படவேண்டும். பெற்றோர் நடுவேதான் விலங்குகள் நடந்து போகும்.

பள்ளி ஆண்டு விழாவுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ இசை நாடகம் எழுத உட்காருகிறவர்களே, கதையை முடிவு செய்யும் முன் நாலு நாள் பிள்ளைகளோடு உட்காருங்கள். யார் எந்தச் சுரம்வரை பாடுகிறார்கள், யாருக்குப் பறை வரும், யார் விசிலடிப்பார், யாரால் ஒரே ஒரு மணியை ஆட்ட முடியும் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் காட்சியை எழுதுங்கள்.