பொம்மை விமானத்திற்குப் புதுச்சாயம் பூசலாமா?

1954ஆம் ஆண்டு ஜனவரி 10. சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குச் சென்றுகொண்டிருந்த பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தின் காமெட் விமானம், ரோம் நகரை விட்டுக் கிளம்பிய சிறிது நேரத்தில் எல்பா தீவருகே கடலில் விழுந்தது. அதிலிருந்த 35 பேரும் மாண்டனர். ஏப்ரல் மாதம் இன்னொரு காமெட் நேப்பிள்ஸ் அருகே விழவே, அவ்வகை விமானங்கள் யாவும் தரையில் நிறுத்தப்பட்டன.

பயணிகளை ஏற்றிச் சென்ற உலகின் முதல் ஜெட் விமானம் இப்படி முடங்கிக் கிடந்த அதே ஆண்டில், அதே பி.ஓ.ஏ.சி. நிறத்தில் ஒரு குட்டிக் காமெட் கடைகளுக்கு வந்தது. லிவர்பூல் நகரின் பின்ஸ் சாலைத் தொழிற்சாலையில் மெக்கானோ நிறுவனம் தயாரித்த 'டிங்கி டாய்ஸ்' பொம்மை அது. நிஜ விமானத்தின் சோகம் பொம்மையின் விற்பனையைத் தடுக்கவில்லை. அத்தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டுவிட்டாலும், அங்கு பிறந்த விமானங்களைத் தேடிச் சேகரிக்கும் அன்பர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இவை டைகாஸ்ட் வகைப் பொம்மைகள். அதாவது, உருக்கிய உலோகத்தை எஃகு அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்தி வார்த்தெடுத்தவை. 'மசாக்' எனப்படும் அந்த உலோகம் பெரும்பாலும் துத்தநாகம். கூடவே அலுமினியம், செம்பு, சிறிது மக்னீசியம்.

போருக்கு முந்திய, 1930களின் பொம்மை விமானங்கள் சிலவற்றில் ஒரு விநோதத்தைக் காணலாம். யாரும் தொடாமலேயே இறக்கைகள் தொய்ந்திருக்கும். சாயத்தில் மயிரிழை விரிசல்கள் ஓடும். ஒருநாள் உடல் துண்டு துண்டாக உதிரும். சேகரிப்பாளர்கள் இதை 'உலோகச் சோர்வு' என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். ஆனால் அந்தப் பெயர் பொருந்துவது நிஜக் காமெட்டுக்குத்தான். ஒவ்வொரு பயணத்திலும் காற்றழுத்தத்தால் விரிந்து சுருங்கிய அதன் உடற்தகடு சோர்ந்து பிளந்தது என்பதை, இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமானத்தின் உடலை நீர்த்தொட்டியில் இறக்கிச் சோதித்துக் கண்டறிந்தனர்.

பொம்மைக்கு வருவது வேறு நோய். வார்க்கும்போது துத்தநாகத்தில் மிகச் சிறிதளவு ஈயம் கலந்துவிட்டாலும், அது உலோகத் துகள்களின் இடுக்குகளில் தங்கிவிடுகிறது. காற்றின் ஈரம் அந்த இடுக்குகள் வழியே அரிக்க, உலோகம் உள்ளிருந்தே வீங்கி வெடிக்கிறது. இதற்கு மருந்து கிடையாது. போருக்குப்பின் தூய்மையான துத்தநாகம் பயன்பட்டதால் 1950களின் காமெட்டுகள் பெரும்பாலும் தப்பித்தன. ஆண்டு முழுவதும் ஈரக்காற்று வீசும் நம் நாட்டில், நோய் கண்ட பழைய பொம்மையைக் காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது ஒன்றே வழி. ஓக் மர அலமாரி வேண்டாம்; அம்மரம் வெளியிடும் அமில ஆவியும் உலோகத்தைக் கெடுக்கும்.

சரி, நோயில்லாத, ஆனால் சாயம் உரிந்து, காற்றாடி தொலைந்துபோன விமானத்தை என்ன செய்வது? அழகாக்கத் துடிக்கும் கைகள் சற்றுப் பொறுப்பது நல்லது. சாயம் பாதிக்கு மேல் எஞ்சியிருந்தால் துணியால் தூசு துடைத்து அப்படியே விடலாம். ஏதோ ஒரு சிறுவன் தரையில் உருட்டி விளையாடிய தழும்புகளும் அந்தப் பொம்மையின் வரலாறுதானே? சந்தையிலும் அசல் சாயத்திற்கே மதிப்பு அதிகம்.

முற்றிலும் சிதைந்ததைத்தான் புதுப்பிக்க வேண்டும். சூடான காஸ்டிக் சோடாவில் முக்கக் கூடாது. அது துத்தநாகத்தையே தின்னும். கடையில் விற்கும் சாயநீக்கியை முதலில் அடிப்பகுதியில் ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலரத் தேய்ப்பது ஆபத்து. ஈரத்தாளால் தேய்த்து, கையுறையும் முகமூடியும் அணிந்து, குழந்தைகளை அப்பால் வைத்துச் செய்வதே முறை. பிறகு உலோகத்திற்கான அடிப்பூச்சு, அதன்மேல் மெல்லிய பூச்சுகள் இரண்டு மூன்று, கடைசியாக நீரில் நனைத்து ஒட்டும் எழுத்துகள். மாற்றுக் காற்றாடிகளும் சக்கரங்களும் தனியாகவே விற்கப்படுகின்றன.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. திறமையாகப் புதுப்பித்த விமானத்தை அசல் என்று விற்றால் அது மோசடி. செய்தவர் யோக்கியராக இருந்தாலும், கைமாறிக் கைமாறி மூன்றாவது ஆளிடம் போகும்போது உண்மை தெரியாமல் போகிறது. ஆகவே அடிப்பகுதியில் விரல்நுனி அளவு பழைய சாயத்தை விட்டுவைத்து, அதன் அருகில் புதுப்பித்த ஆண்டைச் சிறிய எழுத்தில் குறித்து, மாற்றிய பாகங்களின் பட்டியலைப் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும்.