எருமை செய்த வேலை

மாடு மேய்ந்தால் காடு அழியும் என்பார்கள். பல இடங்களில் அது உண்மைதான். பரத்பூரில் நடந்தது வேறு.

பரத்பூர் ராஜஸ்தானில் இருக்கிறது. அங்கே கேவலாதேவ் என்ற பறவைப் பூங்கா உண்டு. பரப்பு சுமார் 29 சதுர கிலோமீட்டர். மழைக்காலத்தில் வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்து தேங்கும். குளிர்காலத்தில் வெளிநாட்டு வாத்துகள் வந்து இறங்கும். நம் வேடந்தாங்கல் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுவட்டார ஊர்களின் எருமைகளும் பசுக்களும் தலைமுறை தலைமுறையாக அங்கே மேய்ந்து வந்தன.

1982-ல் அங்கே மேய்ச்சலைத் தடை செய்தார்கள். தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேயக் கூடாது என்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டம். பறவை அறிஞர் சாலிம் அலியும் மேய்ச்சல் கூடாது என்றவர்தான். நவம்பரில் ஊர்க்காரர்கள் திரண்டு வந்து எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டது. சிலர் உயிரிழந்தார்கள்.

சரி, பறவைகளுக்காவது நன்மை வந்ததா?

எருமை தண்ணீரில் இறங்கி மேயும் பிராணி. பசு கரையோடு நின்றுவிடும். எருமையோ கழுத்தளவு நீரிலும் புல்லைத் தின்னும். அதனால் நடுவில் நீர் தெளிவாகத் திறந்து கிடந்தது. வாத்து நீந்தியது, முக்குளித்தது, இரை தேடியது. எருமை போனதும் ஒரு வகைப் படர்புல் பாய் விரித்தாற்போல் நீரை மூடியது. வாத்து இறங்க இடம் இல்லை. பழைய புல் அழுகி அடியில் படிந்தது. ஏரி மெல்லத் தூர்ந்தது. கோடையில் காய்ந்த புல்லில் தீப்பிடிக்கும் ஆபத்தும் கூடியது.

பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1980 முதல் பத்தாண்டுகள் அங்கே ஆராய்ந்தது. தடைக்குப் பிறகு புல் பெருகி, பறவைகளுக்குக் கேடு வந்தது என்று கண்டது. பின்பு ஊரார் புல்லை அறுத்துக் கட்டாகச் சுமந்து போக அனுமதி கிடைத்தது. எந்திரம் வைத்தும் புல்லை அகற்றினார்கள். எருமை கூலி கேட்காமல் செய்த வேலை அது!

ஐதராபாத்திலிருந்து தெற்கே போனால் கர்நூல் பக்கம் ரோல்லபாடு சரணாலயம் வரும். கானமயிலுக்காக 1988-ல் ஏற்படுத்தியது. ஆள் இடுப்பளவு உயரம் உள்ள பறவை அது. திறந்த புல்வெளியில் வாழும். வெட்டுக்கிளி தின்னும். தரையிலேயே ஒரே ஒரு முட்டை இடும். ஆட்டு மந்தை அதிகமானால் முட்டை மிதிபடும். மேய்ச்சலே இல்லாவிட்டால் புல் உயர்ந்து அடர்ந்துவிடும். அது கானமயிலுக்கு ஆகாது. அங்கே பாதுகாப்பு வந்ததும் வெளிமான்கள் பெருகின. பக்கத்து வயல்களில் மேய்ந்தன. கானமயில் மட்டும் குறைந்தது. சுற்றியிருந்த மேய்ச்சல் நிலம் வயலாக மாறியதும் ஒரு காரணம். இன்று நாடு முழுவதும் இருநூறு கானமயில்கூட இல்லை.

சரணாலயம் வேறு, தேசியப் பூங்கா வேறு. சரணாலயத்தில் மேய்ச்சலை ஒழுங்குபடுத்தி அனுமதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. எத்தனை ஆடு, எந்த மாதம், எந்தப் பக்கம் என்று வனத்துறையும் ஊராரும் உட்கார்ந்து பேசலாம். முட்டையிடும் மழைக்காலத்தில் ஆட்டை வெளியே நிறுத்த வேண்டும். முட்டை எங்கே கிடக்கும் என்பது ஆடு மேய்ப்பவருக்குத் தெரியும்.