ஒரே ஊசி, ஒரே ரேட், வேறு வேறு நாள்

ஆம்பூர் பக்கம் பல வீட்டு வாசல்களில் பெண்கள் ஷூவின் மேல்தோலைக் கையால் தைத்துக்கொண்டிருப்பார்கள். கம்பெனி வேலைதான், ஆனால் ஏஜென்ட் வழியாக வருவது. பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. ஜோடிக்கு இத்தனை ரூபாய், அவ்வளவுதான்.

அதிகம் தைத்தால் அதிகக் காசு. அதனால் ஆள் தானாகவே வேகமாகத் தைப்பார் என்பதுதான் பீஸ் ரேட்டின் அடிப்படை. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். அப்படியானால் அதே கை, அதே ரேட்டுக்கு, குழுக்கடன் தவணை வரும் வாரத்தில் மட்டும் ஏன் தடுமாற வேண்டும்?

ஒடிசாவில் நடந்த ஒரு ஆய்வு இதற்குக் கிட்டத்தட்ட பதில் சொல்கிறது. சுப்ரீத் கவுர், செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் செய்தது. அங்கே வேலை தையல் இலை தைப்பது, நம்ம ஊர் பந்தியில் போடுவோமே, அது மாதிரி. கூலி இங்கேயும் பீஸ் ரேட்தான். இரண்டு வாரம் முடிந்ததும் மொத்தக் கூலி. சிலருக்கு மட்டும், அதுவரை சம்பாதித்ததைச் சில நாள் முன்னதாகவே கையில் கொடுத்தார்கள். ஒரு பைசா கூடுதல் இல்லை, ரேட்டும் மாறவில்லை. வாங்கியவர்கள் உடனே கடனை அடைத்தார்கள், வீட்டுக்குச் சாமான் வாங்கினார்கள். அடுத்த நாள்களில் உற்பத்தி சுமார் 7 சதவீதம் கூடியது. ஏழ்மை அதிகமானவர்களிடம் இன்னும் அதிகம்.

நன்றியில் உழைத்திருப்பார்களோ? எனக்கும் முதலில் அந்தச் சந்தேகம்தான். ஆனால் முன்கூட்டியே பணம் தருவோம் என்று சொன்னபோது ஒன்றும் ஏறவில்லை. காசு கைக்கு வந்த பிறகுதான் ஏறியது. இலைகளையும் பார்த்திருக்கிறார்கள். தப்பாகக் குத்திப் பிடுங்கிய ஓட்டை மாதிரியான கவனப்பிசகுகள் குறைந்திருந்தன. கவலை கையில் இல்லை, கவனத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

(மைசூரில் டேட்டா என்ட்ரி செய்பவர்களிடம் நடந்த இன்னொரு ஆய்வில் சம்பள நாள் நெருங்க நெருங்க வேலை கூடியது. அங்கே இழுத்தது வரப்போகும் காசு, இங்கே விடுவித்தது வந்த காசு. அதைத் தனியாக எழுத வேண்டும்.)

இதை வைத்து, ரேட்டை விடுங்கள், தேதியை மட்டும் மாற்றினால் போதும் என்று யாராவது கிளம்பினால் அது அநியாயம். தைப்பவரைக் கேட்டால் முதலில் ரேட்டைத்தான் சொல்வார். அதில் தப்பே இல்லை.

எனக்கு ஒரு சின்ன ஆசை. தையல் சரியில்லை என்று திரும்பும் ஜோடிகளை எழுதும் நோட்டில், கூலி கொடுத்த தேதியையும் பக்கத்திலேயே எழுதிவைத்தால் போதும். கூலி வந்த வாரம் எத்தனை திரும்பியது, வராத வாரம் எத்தனை என்று மூணே மாதத்தில் எண்ணிப் பார்த்துவிடலாம்.