வாழ்ந்த ஆண்டுகளும் வந்த வழியும்

சென்னைக் கடற்கரை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் ஏறினால், ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எனத் துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் ஒட்டியபடியே வண்டி வடக்கே செல்லும். வட சென்னைக் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் கற்பித்த காலம் முழுவதும் நான் பயணம் செய்த தடம் இது. இதன் தொடக்கத்தில் பர்மா பஜார். நடுவே எண்ணூரில் பர்மா நகர். கடைசி நிலையமான கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். மூன்றும் கடல் கடந்து வந்தவர்களின் இடங்கள்தாம். ஆனால், முதல் இரண்டு இடங்களில் இருப்பவர்கள் வாக்காளர்கள். மூன்றாவது இடத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர், இங்கேயே பிறந்து வளர்ந்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு அந்த முகாமிலிருந்து வந்து படித்த மாணவர் ஒருவர், வங்கிப் பணித் தேர்வு அறிவிக்கை ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். இந்தியாவில் நிரந்தரமாகக் குடியேறும் நோக்கத்துடன் பர்மா, இலங்கை முதலிய நாடுகளிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினரும் விண்ணப்பிக்கலாம் என்று அதில் இருந்தது. "சார், இலங்கை என்று போட்டிருக்கிறதே, நான் எழுதலாமா?" என்று கேட்டார். அடுத்த வரியைப் படித்துக்காட்டினேன். அதற்கு இந்திய அரசின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். பல மேசைகள் ஏறி இறங்கினோம்; கிடைக்கவில்லை. புள்ளியியலில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் பெற்ற அவர், இன்று மீஞ்சூர்ப் பக்கம் வீடுகளுக்கு வண்ணம் அடிக்கும் வேலையை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்கிறார்.

குடியேறிய நாட்டில் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பது நம்மவர்களுக்குப் புதிதன்று. பர்மா 1948இல் விடுதலை பெற்றபோது, குறிப்பிட்ட பத்து ஆண்டுகளில் எட்டு ஆண்டுகள் அங்கு வாழ்ந்தவர்கள் குடியுரிமை கோரலாம் என்று வழி செய்தது. பலர் கோரவில்லை, கோரிய பலரது மனுக்கள் தேங்கிக் கிடந்தன. 1962இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். கடைகள் அரசுடைமையாயின. 1964 மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாதவை ஆயின. தலைமுறைகளாக வாழ்ந்தும் வெளிநாட்டவராகவே பதிவாகியிருந்த லட்சக்கணக்கான இந்தியர்கள் வெறுங்கையுடன் திரும்பினர். அவர்களில் ஏராளமானோர் வந்து இறங்கியது சென்னைத் துறைமுகத்தில்தான். ஆனால், அவர்கள் இந்திய அரசு ஏற்றுக்கொண்ட தாயகம் திரும்பியோர். அந்தத் தகுதியால் அவர்களுக்கு வீட்டுமனையும் தொழிற்கடனும் கிடைத்தன. அவர்களுக்கும் இலங்கையிலிருந்து திரும்பியோருக்குமாக 1969இல் ரெப்கோ வங்கியே தொடங்கப்பட்டது.

இலங்கையின் கதை இன்னும் கடினமானது. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வந்த சட்டம் ஒரு கதவைச் சற்றே திறந்தது: மணமானவர் ஏழு ஆண்டுகளும், மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இடையறாது வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும், விண்ணப்பிக்க இரண்டே ஆண்டுகள் அவகாசம். ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே. தேயிலைத் தோட்டத் தொழிலாளியிடம் பிறப்புச் சான்றுக்கும் வசிப்பிட ஆவணத்துக்கும் எங்கே போவது?

எஞ்சியவர்களை இரு அரசுகளும் 1964இல் பங்கிட்டுக்கொண்டன. சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா ஏற்க வேண்டியவர்கள் 5,25,000 பேர். இலங்கை ஏற்க வேண்டியவர்கள் 3,00,000 பேர். மீதமிருந்த 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தனர். மனிதர்களை இப்படி வகுத்துக்கொண்ட கணக்கைப் பொருளாதார ஆசிரியனான என்னால் இன்றும் கூச்சமின்றிப் படிக்க முடிவதில்லை. 1983 இனக் கலவரத்தை அடுத்து, 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. அதன்பின் வந்தவர்கள் படகில் வந்தார்கள். இந்தியா ஏற்பதாக ஒப்புக்கொண்ட மக்களின் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தார்கள்.

கனடாவைப் போல "நிரந்தரக் குடியிருப்பாளர்" என்ற இடைப்படி நம் சட்டத்தில் இல்லை. 1955 குடியுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, ஏழு ஆண்டுகள் இங்கு வசித்த இந்திய வம்சாவளியினர் பதிவு செய்துகொள்ளக் கோரலாம். 6ஆம் பிரிவின்படி, மொத்தம் பன்னிரண்டு ஆண்டுகள் வசித்த பிற வெளிநாட்டவர் இயல்புரிமை கோரலாம். முகாம்வாசிகளிடம் நாற்பது ஆண்டுகள் இருக்கின்றனவே என்று தோன்றும். ஆனால், 2003இல் செய்யப்பட்ட திருத்தம் இரண்டு கதவுகளையும் "சட்டவிரோதக் குடியேறி"க்கு மூடிவிட்டது. உரிய பயண ஆவணமின்றி நுழைந்த வெளிநாட்டவர் அனைவரும் அந்தச் சொல்லுக்குள் அடங்குவர். உயிர் தப்பப் படகேறியவரிடம் விசா இருக்குமா? வாழ்ந்த ஆண்டுகளைவிட வந்த வழியே பெரிதாகிவிட்டது.

பிறப்பின் கதவும் இப்படித்தான். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், இந்தியர். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்க 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது இந்த அடிப்படையில்தான். அதே முகாமில் இரண்டு ஆண்டுகள் கழித்துப் பிறந்த குழந்தைக்கு அந்த உரிமை இல்லை. 2004 டிசம்பருக்குப் பின் பிறந்தவர்களுக்கோ, தாய் இந்தியராக இருந்தாலும், தந்தை "சட்டவிரோதக் குடியேறி" என்றால் பயனில்லை.

1983இல் யாழ்ப்பாணத்திலிருந்து பத்து வயதில் கனடா சென்ற ஹரி ஆனந்தசங்கரி, 2015இல் அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினரானார். 2025இல் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார். அங்கே அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டுவிட்டால், வந்த விதம் பின்னர் தடையாவதில்லை. நிரந்தரக் குடியிருப்பாளர் ஐந்தாண்டுகளில் 1,095 நாள்கள் அந்த மண்ணில் இருந்ததைக் காட்டிக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அதே ஆண்டுகளில் ராமேஸ்வரம் வந்தவரின் பேரன் இன்னும் முகாமில்தான் இருக்கிறார்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. பாகிஸ்தான், வங்கதேசச் சிறுபான்மையினருக்கு மத்திய அரசு 2015இல் முதலில் தண்டனைச் சட்டங்களிலிருந்து விலக்களித்தது; பின்னர் ஆப்கானிஸ்தானையும் சேர்த்தது. அந்த விலக்கின் மேல்தான் 2019 திருத்தச் சட்டம் எழுப்பப்பட்டது. இலங்கை அதில் சேர்க்கப்படவில்லை. ஆனால், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் விலக்கு வந்துள்ளது. இது குடியுரிமை ஆகாது; முதல் படி மட்டுமே. மற்றவர்களுக்கு இரண்டாவது படி கட்டிய நாடாளுமன்றம் இவர்களுக்கும் அதைக் கட்டலாம். திருச்சி கொட்டப்பட்டு முகாமின் மலையகத் தமிழர் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களது விண்ணப்பங்களை ஆட்சியர் தாமதமின்றி அனுப்பவும், மத்திய அரசு 16 வாரங்களில் முடிவெடுக்கவும் 2019இலேயே மதுரைக் கிளை கூறியிருக்கிறது.

என் மாணவரின் தாத்தா, புதுக்கோட்டையிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவரின் மகன். ஒப்பந்தக் காலத்தில் கண்டியில் இந்தியக் குடியுரிமைக்கு அவர் விண்ணப்பித்ததற்கான ரசீது, மடிப்பில் கிழிந்த நிலையில், இன்னும் பேரனிடம் இருக்கிறது. புதிதாக விண்ணப்பிக்கும்போது அதையும் இணைக்கலாமா என்று சென்ற மாதம் கேட்டார். நகலை இணையுங்கள், மூலத்தை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள் என்றேன்.