பாக்டீரியா ரயில் ஏறிய கதை

ரயில் பெட்டிக்கு அடியில் தொங்கும் பயோ டாய்லெட் தொட்டியின் பூர்வீகம் ராணுவம். சியாச்சின், லடாக் போன்ற உறைபனிப் பகுதிகளில் மனிதக் கழிவு மட்காமல் அப்படியே கிடக்கும். அதற்குத் தீர்வாக, குளிரிலும் வேலை செய்யும் பாக்டீரியாக்களை வளர்த்தெடுத்தது குவாலியரில் உள்ள, பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகம்.

ரயில்வேக்கு வேறு தலைவலி. பழைய கழிவறையில் எல்லாமே நேராகத் தண்டவாளத்தில் விழும். நாற்றமும் நோயும் ஒருபக்கம் இருக்க, தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு இறுக்கிப் பிடிக்கும் கிளிப்புகள் அந்த ஈரத்தில் துருப்பிடித்து அரித்துப்போயின. 2012-இல் அனில் ககோட்கர் தலைமையிலான பாதுகாப்பு ஆய்வுக் குழுவும் இதைச் சுட்டிக்காட்டியது. அதாவது, கழிவறை என்பது ரயில்வேக்குச் சுகாதாரப் பிரச்சினை மட்டுமாக இருக்கவில்லை.

அந்த அறிக்கைக்கு முன்பே, 2010-இல் ரயில்வேயும் டி.ஆர்.டி.ஓ.வும் கைகோத்திருந்தன. 2011 ஜனவரியில் குவாலியர் - வாரணாசி புந்தேல்கண்ட் எக்ஸ்பிரஸில் முதல் தொட்டிகள் ஓடத் தொடங்கின. வேலை செய்யும் விதம் எளிமையானது. கழிவு, துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிக்குள் விழுகிறது. காற்றில்லாத அந்த இருட்டில் பாக்டீரியா அதைத் தின்று தண்ணீராகவும் வாயுவாகவும் மாற்றுகிறது. வாயு வெளியேறிவிடும், தண்ணீர் குளோரின் பட்டு வெளியே சொட்டும்.

ஆய்வகத்தில் சரியாக ஓடிய இந்த ஏற்பாடு ரயிலில் தடுமாறியது. காரணம் பாக்டீரியா அல்ல, நாம்தான். பழைய கழிவறை எதைப் போட்டாலும் கீழே தள்ளிவிடும். தண்ணீர் பாட்டில், குட்கா பாக்கெட், நாப்கின், துணி என்று அதில் போட்டுப் பழகிய கை, புதிய கழிவறையிலும் அதையே போட்டது. வளைந்த குழாயில் ஒரு பாட்டில் சிக்கினால் போதும், அந்தக் கழிவறை அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த டிப்போவின் பிட் லைனில், அதாவது பெட்டிகளின் அடிப்பகுதியைப் பார்க்கும் பள்ளப் பாதையில், ரயில் நிற்கும் கொஞ்ச நேரத்துக்குள் ஒரு தொழிலாளி கீழே இறங்கி, அதைக் கையால் தோண்டி எடுக்க வேண்டும். போதாக்குறைக்கு, சுத்தம் செய்கிறேன் என்று ஆசிட்டோ பிளீச்சிங் பவுடரோ கொட்டினால் பாக்டீரியாவே செத்துப்போகும்.

2017 டிசம்பரில் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சி.ஏ.ஜி.) அறிக்கை நிலைமையைப் போட்டு உடைத்தது. தணிக்கையில் பார்த்த சுமார் 25,000 பயோ டாய்லெட்டுகளில், 2016-17 ஒரே ஆண்டில் கிட்டத்தட்ட 2 லட்சம் கோளாறுகள். பாதிக்கு மேல் அடைப்பு. வெளியேறும் தண்ணீரின் தரம் குறித்துச் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்களும் கேள்வி எழுப்பினார்கள். திட்டத்தை விரித்த வேகத்துக்குப் பராமரிப்பு ஈடுகொடுக்கவில்லை என்பதே என் கணிப்பு.

திருத்தங்கள் பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. கழிவறைக்குள் குப்பைக்கூடை, சங்கிலி போட்ட குவளை, என்ன போடக்கூடாது என்று சொல்லும் ஸ்டிக்கர். ஒரு கண்டுபிடிப்பு ஓடுவதும் படுத்துவிடுவதும் பல நேரம் இப்படிச் சில்லறைச் சாமான்களில்தான் இருக்கிறது. ஆய்வறிக்கைகளில் அவற்றுக்கு இடம் கிடைப்பதில்லை.

புதியதை எங்கே முதலில் இறக்குவது என்பதும் முக்கியம். 2016 ஜூலையில் நாட்டின் முதல் பசுமை ரயில் பாதையாக, அதாவது தண்டவாளத்தில் கழிவு விழாத பாதையாக, அறிவிக்கப்பட்டது நம் மானாமதுரை - ராமேஸ்வரம் பாதை, 114 கி.மீ. ராமேஸ்வரத்தோடு பாதை முடிந்துவிடுகிறது. வேறு எங்கோ போகிற ரயில் இதன் வழியே கடந்துபோக வாய்ப்பில்லை. எனவே அங்கே வந்துபோகும் ரயில்களின் பெட்டிகளை மட்டும் மாற்றினால் முழுப் பாதையும் சுத்தம். ஹவுரா, டெல்லி மாதிரி பரபரப்பான பாதையில் தொடங்கியிருந்தால், ஒரே ஒரு பழைய பெட்டி வந்தாலும் கணக்குக் கெட்டிருக்கும்.

இன்று 70,000-க்கும் மேற்பட்ட பெட்டிகளில் 2.5 லட்சத்துக்கு மேல் பயோ டாய்லெட்டுகள் இருக்கின்றன. அடுத்த முறை போகும்போது உள்ளே குப்பைக்கூடை இல்லையென்றாலோ, கழிவறை அடைத்திருந்தாலோ, மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த பெட்டிக்கு நடக்காதீர்கள். 139-க்கு அழைத்துப் பெட்டி எண்ணைச் சொல்லிவிடுங்கள். கையில் இருக்கும் பாட்டிலை வெளியே கொண்டுவந்து கூடையில் போடுங்கள்.